முரசுமோட்டையில் ஒரு ஸோர்க்கி கமரா

தானியங்கிக் கமராவைப் பல வருஷங்களாக உபயோகித்துப் பழகிய ஒருவனிடம், குவியம் பார்ப்பதும் வெளிச்சத்தை மதிப்பிடுவதும் ஷட்டரின் வேகத்தை நிர்ணயிப்பதும் இனிமேல் உன் பொறுப்பு என்று சொல்லி, பற்றரி போடுவதற்கு ஓர் அறைகூட இல்லாத ஒரு யந்திரத்தைக் கையில் கொடுத்தால், அவனுக்கு முதலில் உண்டாவது எரிச்சல்தான். அந்த எரிச்சல் எந்த இடத்தில் தணிகிறது, எந்த இடத்தில் தணியாமலே நின்றுவிடுகிறது என்பதைப் பற்றி, இலங்கையின் வன்னியில் கிளிநொச்சிக்கு அண்மையிலுள்ள முரசுமோட்டையிலும் அதைச் சுற்றியுள்ள வயல்வெளிகளிலும் ஒரு பழைய ஸோர்க்கி-4 கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்த அநுபவத்தை வைத்து எழுதுகிறேன். இதற்கு முன் நான் கையாண்டவை எல்லாம் எஸ்.எல்.ஆர். வகை; விரலை அரைவாசி அழுத்தினால் தாமாகவே குவியம் கண்டு, ஒளியளந்து, சரி என்று ஒரு சிறு ஓசையும் எழுப்பும் சாதுவான யந்திரங்கள். ஆகையால் என் அபிப்பிராயத்தில் அவற்றின் பக்கமாகக் கொஞ்சம் சாய்வு இருக்கக்கூடும். வாசகர் அதைக் கழித்துக்கொண்டு வாசிக்கவும்.

ஸோர்க்கி ரஷ்யச் சரக்கு. மாஸ்கோவுக்கு அண்மையிலுள்ள கிராஸ்நோகோர்ஸ்க் நகரத்துத் தொழிற்சாலையில் இந்த நான்காவது மாதிரி 1956 முதல் 1973 வரை செய்யப்பட்டது. பதினேழு இலட்சத்துக்கு மேல் வெளிவந்ததாகக் கணக்கு. அதன் வம்சாவளி ஜெர்மனியில் தொடங்குகிறது. 1925 இல் சந்தைக்கு வந்த லைக்கா என்ற சிறு கமராவுக்கு, 1932 இல் வில்லையோடு இணைந்து இயங்கும் தூரமானி ஒன்றைப் பொருத்தினார்கள். அதைப் பார்த்து 1934 இல் உக்ரேனின் கார்கிவ் நகரில், அநாதைச் சிறுவர்களுக்கென்று நடத்தப்பட்ட ஒரு கம்யூனில், ஃபெட் என்ற பெயருடன் ஒரு பிரதியைச் செய்யத் தொடங்கினார்கள். ஃபெட்டைப் பார்த்துப் பிறந்தது 1948 இன் முதல் ஸோர்க்கி. ஸோர்க்கி-4 இல் பூட்டியிருக்கும் யூபிட்டர்-8 என்ற 50 மில்லிமீற்றர் வில்லையும் ஸைஸ் நிறுவனத்தின் சொனார் வில்லையின் வழிவந்ததுதான். என்னிடம் இருப்பது, எழுபதுகளின் தொடக்கத்தில் மாஸ்கோவின் லுமும்பா பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பிய என் பெரியப்பா கொண்டுவந்தது. அவர் கண்டியில் உத்தியோகமாயிருந்தபடியால், 2009 இல் போரில் எங்கள் வீட்டுச் சாமான்கள் எல்லாம் போன வழியில் இது போகவில்லை.

எஸ்.எல்.ஆர். கமராவில் வில்லை காண்பதையே கண்ணும் காண்கிறது. உள்ளேயிருக்கும் முகக்கண்ணாடி அந்தப் பிம்பத்தை மேலே திருப்பி அனுப்புகிறது. ஸோர்க்கி போன்ற ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது தூரமானிக் கமராவில் முகக்கண்ணாடி இல்லை. கண் வேறொரு சாளரத்தின் வழியாகப் பார்க்கிறது. அந்தச் சாளரத்திலிருந்து சிறிது தள்ளி இன்னொரு சிறு சாளரம் இருக்கிறது. இரண்டிலிருந்தும் வரும் பிம்பங்கள் நடுவிலுள்ள ஒரு சிறு வட்டத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. வில்லையைச் சுழற்றச் சுழற்ற ஒரு பிம்பம் மற்றதை நோக்கிப் பக்கவாட்டில் நகர்ந்து வந்து, இரண்டும் ஒன்றாகிவிட்டால் தூரம் சரி. இந்த ஏற்பாடு நேர்க்கோடாக நிமிர்ந்து நிற்கும் பொருள்களில் அற்புதமாக வேலைசெய்கிறது என்பதையும், படுத்துக் கிடக்கும் கோடுகளில் அடியோடு செயலற்றுப் போகிறது என்பதையும், பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியின் ஓரத்தில் நின்று வயலைப் பார்த்தவனுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் அந்தச் சமவெளியில் வரம்பும் வாய்க்காலும் அடிவானமும் எல்லாம் கிடைக்கோடுகளே. இரட்டைப் பிம்பம் ஒரு வரம்பின்மேல் பக்கவாட்டில் எவ்வளவு தூரம் நகர்ந்தாலும் அந்த வரம்பு பழையபடியே தோன்றும். அங்கே பிரயோசனப்படுவது பனைமரம். எந்தப் படத்தை எடுப்பதானாலும் அதே தூரத்தில் ஒரு பனையையோ மின்கம்பத்தையோ தேடிப்பிடித்து, அதில் குவியத்தைச் சரிபார்த்துக்கொண்டு, பிறகு வேண்டிய பக்கம் திரும்புவது எனக்கு வழக்கமாகிவிட்டது. மரமும் கம்பமும் இல்லாத இடத்தில் கமராவை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தால் வரம்பின் கோடே இரண்டாகத் தெரியும். அதுவும் ஓர் உபாயம்.

தூரமானியின் நுட்பம் அந்த இரண்டு சாளரங்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பொறுத்தது. 1954 இல் வந்த லைக்கா எம்-3 இல் அது 68.5 மில்லிமீற்றர், ஸோர்க்கி-4 இல் 38 மட்டுமே. வெளியில், வெயிலில், வில்லையின் துவாரத்தைச் சுருக்கி எடுக்கும்போது இந்த வித்தியாசத்தால் யாதொரு நஷ்டமுமில்லை. மாலையில் வீட்டுத் தாழ்வாரத்தில் இருக்கும் ஒரு முகத்தை, ஒரு மீற்றர் தூரத்தில் நின்று, துவாரத்தை முழுவதும் திறந்து எடுக்கும்போதோ, தெளிவாக விழும் ஆழம் ஐந்து சென்ரிமீற்றர் அளவுதான். கண்ணில் வைத்த குவியம் காதுக்குப் போய்விட்டால் படம் வீண். இந்த இடத்தில் என் பழைய தானியங்கிக் கமரா தாராளமாக வெல்கிறது. தவிரவும், கண் பார்க்கும் சாளரமும் படம்பிடிக்கும் வில்லையும் வெவ்வேறிடத்தில் இருப்பதால், பொருள் கிட்ட வரவர, நாம் சட்டமிட்டுப் பார்த்த காட்சிக்கும் படச்சுருளில் பதியும் காட்சிக்கும் இடையே பேதம் கூடும். ஸோர்க்கி அதைத் தானாகத் திருத்தித் தருவதில்லை. எடுப்பவர்தான் தலைக்குமேல் கொஞ்சம் இடம் கூடுதலாக விட்டு எடுக்கவேண்டும்.

ஒளியளவு விஷயத்திற்கு வருவோம். எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான்; எனக்கு மிக விரைவில் கைவந்ததும் இதுதான். தெளிந்த வெயிலில் துவாரம் 16 இல் நிற்க, சுருளின் வேகம் எவ்வளவோ அதற்கு அண்மையான பின்னம் ஷட்டரின் வேகமாக இருந்தால் போதும் என்ற பழைய விதி ஒன்றுண்டு. 400 வேகச் சுருளுக்கு 500 இல் ஒரு பங்கு விநாடி. மெல்லிய முகிற்கூட்டம் சூரியனை மறைத்தால் துவாரம் 11, நிழல்கள் கரைந்துபோகும் அளவுக்கு மூடினால் 8, மரநிழலுக்குள் 5.6 அல்லது 4. வன்னியில் ஆவணி மாதத்து நடுப்பகலுக்கு இதைவிட நுட்பமான கணிதம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. தானியங்கிக் கமராவின் ஒளிமானியோ, தன் முன் எது நின்றாலும் அதைச் சராசரிச் சாம்பல் நிறமென்று பாவித்துக் கணக்குப் போடும் சுபாவமுடையது. தைப்பொங்கலன்று முற்றத்தில் வெள்ளை வேட்டியும் சால்வையுமாக ஆண்கள் வரிசையாக நிற்கும்போது அது ஒளியைக் குறைத்து வேட்டியை அழுக்காக்கும். கறுத்த மேனியுடைய ஒருவர் சட்டத்தை நிறைத்து நின்றால் ஒளியைக் கூட்டி அவரை வெளுக்க வைக்கும். எழுகின்ற சூரியனுக்கு முன்னால் பானையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பெண்ணின் முகத்தைக் கரியாக்கிவிடும். இவற்றைத் திருத்துவதற்கும் அதில் பொத்தான்கள் உண்டென்பது மெய்யே. ஆனால் விழுகின்ற வெளிச்சத்தை ஒருமுறை மதிப்பிட்டு வைத்துவிட்டால், அந்த வெளிச்சம் மாறும்வரையில், எதிரே நிற்பவர் வெள்ளை உடுத்தாலென்ன கறுப்பு உடுத்தாலென்ன, கை எதையும் தொடவேண்டியதில்லை என்ற நிம்மதி, பொத்தான்களைத் தேடும் பழக்கத்தில் ஊறியவர்களுக்குக் கிட்டாத ஒன்று.

வேகத்தைப் போலவே தூரத்தையும் முன்கூட்டியே வைத்துவிடலாம் என்பது அடுத்துத் தெரிந்த சூட்சுமம். துவாரம் 16 இல் நிற்கையில் வில்லையை ஐந்து மீற்றருக்குச் சற்று அப்பால் திருப்பி வைத்தால், ஏறத்தாழ இரண்டரை மீற்றரிலிருந்து கண்ணெட்டும் தூரம்வரை எல்லாமே போதிய தெளிவுடன் விழும். அதன்பின் தூரமானியையே பார்க்கவேண்டாம். காலபோக அறுவடை முடிந்து வீதியோரத்தில் படங்கு விரித்து நெல் காயவிட்டிருக்கும் நாட்களில், காலால் நெல்லைக் கிளறிக்கொண்டு நடக்கும் ஒருவர் திரும்புகிற அந்த ஒரு கணத்தில், என் தானியங்கி தன் குவியத்தை முன்னும் பின்னும் தேடி ஓடவிட்டுக் கடைசியில் பின்னால் போகும் லொறியைப் பிடித்துக்கொள்ளும்; ஸோர்க்கி கண்ணுக்குக் கொண்டுபோனவுடன் எடுத்துவிடும். மிகப் பழைய கமரா மிக வேகமானதாகிவிடுகிற இந்த விநோதத்தை நான் எதிர்பார்க்கவில்லை. லைக்காவின் பளபளக்கும் பாகங்களைக் கறுப்புப் பட்டியால் ஒட்டி மறைத்துக்கொண்டு தெருத்தெருவாய் அலைந்த பிரெஞ்சுக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் இவ்வகைக் கமராவை ஏன் விடவில்லை என்பதும் அப்போதுதான் பிரத்தியட்சமாயிற்று.

இந்த யந்திரத்திற்கென்று சில நியமங்கள் உண்டு. மீறினால் தண்டனை கடுமை. சுருளை முன்னே இழுத்து ஷட்டரைத் தயார்செய்த பிறகே வேகத்தின் குமிழைத் திருப்பவேண்டும்; முன்னதாகத் திருப்பினால் உள்ளிருக்கும் பற்சக்கரங்களுக்குக் கேடு வரலாம். சுருளை இழுப்பது நெம்புகோலால் அன்று, ஒரு பெரிய குமிழால். வியர்த்த கையால் அதைத் திருப்புவது ஒரு சிரமம். ஷட்டர் என்பது இறப்பர் பூசிய இரண்டு துணித்திரைகள். அவற்றுக்கும் வில்லைக்கும் நடுவே முகக்கண்ணாடி இல்லாதபடியால், மூடியில்லாத கமரா நண்பகலில் வானத்தைப் பார்த்துச் சற்றுநேரம் கிடந்தால், வில்லை சூரியனைத் திரையின்மேல் குவித்து ஊசித்துளை சுட்டுவிடும். பிறகு ஒவ்வொரு படத்திலும் ஒரு வெள்ளைப் பொட்டு. அதற்கஞ்சி வில்லையை மூடியால் மூடிவைத்தால் வேறொரு வினை காத்திருக்கிறது: கண் பார்ப்பது வேறு சாளரம் அல்லவா, மூடி கிடப்பதைச் சொல்ல அந்தக் கமராவில் ஒருவருமில்லை, முழுச் சுருளையும் மூடிக்கே எடுத்துமுடிக்கும் சௌகரியம் ரேஞ்ச்ஃபைண்டர் ஒன்றுக்கே உரியது. இந்த இரு ஆபத்துகளுக்கும் நடுவே நான் கண்ட சமரசம், மூடியைத் தவிர்த்து, எடுக்காத வேளையில் துவாரத்தை 22 க்குச் சுருக்கி, வில்லையை ஒரு மீற்றருக்குத் திருப்பி, கமராவை உடம்புப் பக்கமாகக் கவிழ்த்துத் தொங்கவிடுவது. மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வெயிலில் வைத்துவிட்டுப் போவது எந்தக் கமராவுக்கும் ஆகாது. துணித்திரைக் கமராவுக்கு அறவே ஆகாது.

மனிதரைப் படமெடுக்கும்போது உண்டான வித்தியாசத்தை முன்னரே ஊகித்திருக்கவில்லை. எஸ்.எல்.ஆர். கமராவும் அதன் நீண்ட வில்லையும் எடுப்பவரின் முகத்தை முற்றாக மறைத்துவிடுகின்றன; எதிரே இருப்பவர் ஒரு கறுப்புக் குழாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஸோர்க்கியின் பார்வைத் துவாரம் ஓர் ஓரத்தில் இருக்கிறது. காட்சியும் ஏறக்குறைய இயல்பான அளவிலேயே தெரிவதால் மற்றக் கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டே எடுக்கலாம். தேநீர்க்கடை வாங்கில் இருந்த ஒரு முதியவர், சற்றுநேரம் என்னை உற்றுப்பார்த்துவிட்டு, "தம்பி, உதாலை எடுக்கேக்கை உன்ரை முகம் தெரியுது. மற்றதைத் தூக்கினா ஆரெண்டே தெரியாது," என்றார். சொல்லிவிட்டுத் தன் கதையைத் தொடர்ந்தார், நானும் எடுத்தேன். ஷட்டரின் ஒலியும் சிறியது; முகக்கண்ணாடி அடிபடும் சத்தமில்லாததால் கோவில் மண்டபத்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. படம் எடுபடும் அந்தக் கணத்திலும் பார்வை இருளாமல் இருப்பது இன்னொரு லாபம். எதிரே இருந்தவர் கண் இமைத்தாரா இல்லையா என்பதைக் கண்ணாலேயே கண்டுகொள்ளலாம்.

பிள்ளைகளுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. படமெடுத்த மறுகணம் சுற்றிவந்து, "மாமா, காட்டுங்கோ பாப்பம்," என்று கமராவின் முதுகைப் பார்ப்பார்கள். அங்கே தோல்போன்ற ஓர் உறையைத் தவிர ஒன்றுமில்லை. சுருள் முடியவேண்டும், கழுவவேண்டும், பிறகுதான் என்று சொன்னால், "அப்ப இது பழுதோ?" என்று ஒருத்தி கேட்டாள். அவளுடைய சந்தேகம் நியாயமானது. எடுத்தது வந்ததா என்று அறிய நாட்கணக்கில் காத்திருப்பது பக்குவமான மனத்தை அளிக்குமென்று சிலர் எழுதுவார்கள். எனக்கு அது வெறும் காத்திருப்பாகவே இருந்தது.

பற்றரியில்லாத கமரா என்றால் கொழும்பில் இருப்பவருக்கு அது ஒரு பழமைப் பிரியம். வன்னியில் இருந்தவர்களுக்கு அப்படியன்று. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை நடந்த காலத்தில் இங்கே வரவிடாத பொருள்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தால் றேடியோவில் செய்திகேட்ட தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. அந்நாளில் தானியங்கிக் கமரா ஒன்று கையிலிருந்தால் அது வெறும் பெட்டி. ஸோர்க்கி, சுருள் ஒன்று கிடைத்திருந்தால், வேலைசெய்திருக்கும். இன்று மின்சாரம் வந்துவிட்டது, பரந்தனில் ரயிலும் நிற்கிறது, எல்லோர் கையிலும் கமராவுடன் தொலைபேசி இருக்கிறது. ஆகையால் பற்றரி வேண்டாததை ஒரு காரணமாகக் காட்டி யாரையும் வாங்கச் சொல்லமாட்டேன். இருந்தாலும், நாற்பது பாகையை நெருங்கும் வெயிலில் பற்றரி இறங்கிப்போனதென்ற கவலை அறியாத ஒரு யந்திரத்துடன் நடப்பதில் ஒரு விடுதலை உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

செலவும் சிரமமும் சுருளில்தான். 2022 இன் நெருக்கடியில் ரூபாயின் மதிப்பு விழுந்தபின் இறக்குமதியாகும் எந்தப் பொருளையும் போலச் சுருளும் கைக்கெட்டாத விலைக்குப் போய்விட்டது. கொழும்பிலிருந்து வருவிக்கவும் வேண்டும். வர்ணச் சுருளைக் கழுவ அங்கேயே திருப்பி அனுப்பவேண்டும் என்பதால் நான் கறுப்பு வெள்ளையோடு நின்றுகொண்டேன். அதை வீட்டிலேயே கழுவலாம். இங்கும் வன்னியின் சீதோஷ்ணம் குறுக்கிடுகிறது. கழுவும் மருந்துகளுக்கான நேர அட்டவணைகள் எல்லாம் 20 பாகைத் தண்ணீரை வைத்து எழுதப்பட்டவை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் அதிகாலையில்கூட அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. மருந்துப் பாத்திரத்தை ஐஸ் போட்ட வாளிக்குள் நிறுத்திவைத்துக் குளிரச் செய்யலாம், அல்லது சூடு கூடிய அளவுக்கு நேரத்தைக் குறைக்கலாம். நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் படம் திட்டுத்திட்டாகக் கழுவுப்படும் அபாயம் உண்டாகையால், ஐஸ் வாங்குவதே உத்தமம். கடைசியாக அலசும் தண்ணீரும் மருந்தின் சூட்டுக்கு அண்மையாக இருக்கவேண்டும். கழுவி முடிந்த சுருளைத் தூசியில்லாத இடத்தில் தொங்கவிடவேண்டும் என்று புத்தகங்கள் சொல்லும். அறுவடைக் காலத்து முரசுமோட்டையில் அத்தகைய இடம் குளியலறை ஒன்றே.

இனித் தீர்ப்பு. கலியாண வீட்டுக்கும் சாமத்தியச் சடங்குக்கும் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கும் இந்தக் கமராவை ஒருவரும் கொண்டுபோகவேண்டாம். தாலி கட்டும் கணத்தை நம்பிப் பணம் தந்தவருக்கு, சுருள் முடிந்துவிட்டது, பொறுங்கள், அடித்தகட்டோடு முதுகைக் கழற்றிப் புதிதாகப் பூட்டவேண்டும் என்று சொல்வது தர்மமன்று. ஃபிளாஷ் வெளிச்சத்தோடு எடுப்பதானால் 30 இல் ஒரு பங்கு விநாடிக்கு மேல் வேகம் கூட்டவும் முடியாது. ஓடுகிற பிள்ளையைத் தொலைவில் இருந்து கிட்ட இழுத்துக் காட்டும் வில்லையும் என்னிடமில்லை. கிட்டப் போகவேண்டுமானால் நடந்துதான் போகவேண்டும். தொழிலுக்கு என் பழைய தானியங்கியையே இன்னும் வைத்திருக்கிறேன், அதில் வெட்கமுமில்லை. தனக்காகப் படமெடுப்பவர், நடக்க விருப்பமுள்ளவர், வெளிச்சத்தைத் தலைநிமிர்ந்து பார்க்கச் சோம்பாதவர், இவர்களுக்கு ஸோர்க்கி ஏற்றது. இதன் பரிச்சயம் கிடைத்தபின் தானியங்கியைக் கையிலெடுத்தாலும், பொத்தானை அழுத்துமுன் வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று பார்க்கும் வழக்கம் எனக்கு வந்திருக்கிறது.

பழைய கமரா வாங்குகிறவர்கள் சிலவற்றைக் கட்டாயம் பார்க்கவேண்டும். முதுகைக் கழற்றி, வில்லையையும் கழற்றி, திரைகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஷட்டரைத் தயார்செய்வதற்கு முன்னும் பின்னும் ஊசித்துளை இருக்கிறதா என்று பார்க்கவும். தூரத்திலுள்ள தொலைபேசிக் கோபுரம் ஒன்றை நோக்கி வில்லையை முடிவிலிக்குத் திருப்பினால் இரண்டு பிம்பங்களும் ஒன்றாகவேண்டும். கோபுரம் இரண்டாகத் தெரிந்தால் தூரமானி பிசகியிருக்கிறது. ஒரு விநாடி வேகத்தில் அழுத்திக் கேட்கவும். இடையில் சிக்கிக்கொண்டால் உள்ளே எண்ணெய் இறுகியிருக்கிறது. துவார வளையத்தின் உட்பக்கத்துத் தகடுகளில் எண்ணெய்ப் பசை மினுங்கினால் அது பெரிய குற்றமில்லை. ஷட்டர் இயங்காததை மலிவென்று மட்டும் வாங்காதீர்கள்: இதைத் திருத்தத் தெரிந்தவரைக் கிளிநொச்சியில் நான் இன்னும் காணவில்லை.